படத்துக்கு மட்டும் கட்டிய எர்த் வயர்

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓர் உரப்பையை ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ரஞ்சன் வாவிக்கரை ஒழுங்கைக்குள் திரும்பினான். கம்பத்தின் நிழலில் குந்திக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் எழும்பினார்கள். ஒருவன் தலைக்கவசத்தைத் தேடி எடுத்துப் போட்டான். இன்னொருவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"மாப்பிள்ள வந்திட்டார்கா. எல்லாரும் வடிவா நில்லுங்க," என்றான் ஜெயசீலன்.

ஜெயசீலன் என் தங்கை சாந்தியின் புருஷன். கம்பம் ஏறுவதில் எங்கள் பக்கத்தில் அவனுக்கு நிகர் அவன்தான். அவனுடைய வாய்க்கும் நிகர் கிடையாது.

உரப்பைக்குள் இருந்த மாப்பிள்ளை ஓர் எர்த் வயர். விரல் தடிப்பில் செம்பு வயர், நிலத்தில் அடிக்க ஓர் இரும்புக் கூர், மின்கம்பிகளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகள், அந்தக் கிளாம்புகளைத் தூரத்தில் நின்றே மாட்டவும் கழற்றவும் ஒரு நீளமான மஞ்சள் தடி. அறுந்த லைனைத் திருத்த ஏறுகிறவன் தன் உயிருக்குக் காவலாக முதலில் மாட்ட வேண்டியது அது.

லைன் வேலையை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் எங்கள் கொந்தராத்துக்காரரிடம் வேலைக் கூட்டம் மூன்று இருந்தது. எர்த் வயர் ஒன்றுதான். அதனால் அது ஊர் ஊராகப் போகும். போகிற இடத்தில் மாட்டுவார்கள், படம் எடுப்பார்கள், கழற்றிப் பையில் போட்டு ரஞ்சனோடு அடுத்த இடத்துக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் ஆள் கம்பத்தில் ஏறி வேலையைத் தொடங்குவான். கல்யாண மாப்பிள்ளையாவது படம் எடுத்த பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

படம் எடுக்கிற ஆள் நான்தான். முழங்கால் பழுதாகிக் கம்பம் ஏற முடியாமல் போனபோது கொந்தராத்துக்காரர் எனக்குப் "பாதுகாப்புப் பொறுப்பாளர்" என்று ஒரு பட்டமும் பச்சை மேலங்கி ஒன்றும் தந்தார். படம் எடுத்து அவருடைய போனுக்கு அனுப்பினால் அன்றைய பாதுகாப்பு முடிந்துவிடும்.

எல்லாரிலும் கோபமா?

போன கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் போன் எடுத்தார். "ஐயா, உங்களுக்கு எல்லாரிலயும் கோபமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஓம், எல்லாரிலும்தான். கரண்ட் போனால் ஐந்து நிமிடத்துக்குள் போன் அடித்துத் திட்டுகிறவர்களிலும், லைனுக்குக் கீழே தென்னை நட்டுவிட்டு ஓலையை வெட்டவந்தால் சண்டைக்கு வருகிறவர்களிலும், தலைக்கவசத்தில் நாவற்பழம் பொறுக்குகிற என் கூட்டாளிகளிலும் எனக்குக் கோபம்தான். மெதுவாகச் சொன்னால் கேட்கிற ஆட்களை நான் அதிகம் கண்டதில்லை.

இந்தக் கிழமை எழுதப்போவது அந்த எல்லாரையும் ஒரே ஒழுங்கையில் சந்தித்த ஒரு நாளைப் பற்றி. வெகுகாலத்துக்கு முந்திய கதையும் அல்ல. அப்போதே எல்லார் கையிலும் கமரா போன் வந்துவிட்டது, ஆளுக்கு ஆள் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எதற்கு இந்த வயர்?

"லைன நிப்பாட்டித்தானே இரிக்கி, மறுகா என்னத்துக்கு எர்த்?" என்று கேட்காதவனை இந்தத் தொழிலில் காட்டுங்கள், அவனுக்கு நான் மாலை போடுகிறேன்.

டிரான்ஸ்போமரில் பியூஸைக் கழற்றிவிட்டால் அந்தப் பக்கத்தால் கரண்ட் வராது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தால் வராது என்று யார் எழுதிக் கொடுத்தது? ஒரு வீட்டு ஜெனரேட்டரால் வரலாம். காற்றுக்குப் பக்கத்து லைன் அறுந்து மேலே விழுந்தால் வரலாம். எங்கேயோ இடி விழுந்தாலும் வரலாம். லைன் செத்துவிட்டது என்பது அதைத் தொட்ட நிமிடத்துக்கு மட்டும் உண்மை. அடுத்த நிமிடத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

அதற்காகத்தான் எல்லாக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்து மண்ணோடும் இணைத்துவிடுவது. எந்தப் பக்கத்தால் எவன் கரண்டை விட்டாலும் அது அந்தக் கட்டிலேயே முட்டி, விட்ட மிஷினையே நிறுத்திவிடும். மேலே நிற்கிற மனிதனைத் தேடி அது போகத் தேவையில்லை.

மாட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் டெஸ்டரால் கம்பியைச் சோதிக்க வேண்டும். பிறகு மண்ணில் கூர்க்கம்பியை அடித்து வயரின் அந்த நுனியைப் பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தடியால் கம்பிகளில் கிளாம்பை மாட்டுவது. கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: கம்பியிலிருந்து முதலில், மண்ணிலிருந்து கடைசியில். வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் இப்படிக் கட்ட வேண்டும். மூன்று கூட்டத்துக்கு ஒரு வயர் வைத்திருந்த எங்களிடம் இரண்டு பக்கத்தைப் பற்றி யார் கதைப்பது?

ஜெயசீலனுக்கு டெஸ்டரும் தேவையில்லை. கம்பத்தில் ஏறிப் புறங்கையால் கம்பியை ஒரு தட்டுத் தட்டுவான். கரண்ட் இருந்தால் கை தானாக உதறிக்கொண்டு வந்துவிடுமாம். உதறாமல் போனவர்கள் யாரும் திரும்பி வந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லவில்லை என்பதால் இந்தச் சோதனைக்கு எங்கள் தொழிலில் நல்ல பெயர்.

கிரான் வேலி

நான் கம்பம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் கிரான் பக்கத்து வயல்வட்டை ஒன்றில் வேலை. வெள்ளாமை வெட்டி முடிந்து வயல் நிலம் காய்ந்து பிளந்து கிடந்தது. எர்த் கூர்க்கம்பியை நிலத்தில் அடித்தால் அது திரும்பி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு அடிக்க வேண்டும், இல்லையென்றால் வாய்க்கால் ஓரத்துக்குக் கொண்டுபோய் அடிக்க வேண்டும். வாய்க்கால் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

எங்கள் கூட்டத்துக்கு அன்றைக்குத் தலைவராக இருந்தவர் அவ்வளவு தூரம் நடக்கிற சாதி இல்லை. சுற்றிப் பார்த்தார். வட்டையைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. வயரின் மண் நுனியை அந்த வேலியில் பூட்டிவிட்டுக் கையைத் தட்டினார்.

காய்ந்த காட்டுக் கம்புகளில் அடித்த வேலி அது. மண்ணுக்கும் அந்த முள்ளுக்கம்பிக்கும் எந்த உறவும் இல்லை. லைனில் கரண்ட் வந்தால் வட்டை முழுவதும் சுற்றிப் போய், யார் முதலில் வேலியைத் தொடுகிறானோ அவனில் இறங்கும். வேலியோடு சேர்த்து இரண்டு கறவை மாடுகள் வேறு கட்டியிருந்தன.

நான் சத்தம் போட்டேன். சத்தத்துக்கு வயல்காரர் வந்தார். அவருக்கும் விஷயத்தை விளக்கினேன். கரண்ட் வந்தால் உங்கள் வேலி முழுக்கக் கரண்ட் ஐயா என்றேன். அவர் கோபப்படுவார், எனக்கு ஒரு துணை கிடைக்கும் என்று நினைத்தேன்.

"அப்படியா தம்பி?" என்று அவர் வேலியை ஒரு புதுப் பாசத்தோடு பார்த்தார். "அப்ப அத அப்படியே விட்டுட்டுப் போங்க. ஆனை வராது."

தலைவர் அதையும் ஒரு கணம் யோசித்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இரண்டு தலை வயர்

வாவிக்கரைக்குத் திரும்பி வருகிறேன். ஆனால் குணம் என்கிற ஆளைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஒழுங்கைக்குள் போக முடியாது.

குணம் இறால் வாங்கி விற்கிறவன். ஒழுங்கையின் கடைசியில், தண்ணீரை ஒட்டி அவனுடைய கொட்டில். உள்ளே இறால் நிறைந்த பிரீசர்கள். வெளியே ஒரு ஜெனரேட்டர். அதைத் துடைத்து வைத்திருக்கிற அழகைப் பார்த்தால் பிள்ளைகளைக்கூட அவன் அவ்வளவு அடிக்கடி குளிப்பாட்டியிருக்க மாட்டான் என்று தோன்றும்.

ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்க ஒழுங்கான சுவிட்ச் பெட்டி இருக்கிறது. லைனையும் மிஷினையும் ஒரே நேரத்தில் அது சேரவிடாது. அதை வாங்குகிறவன் எங்கள் பக்கத்தில் முட்டாள். கெட்டிக்காரன் என்ன செய்வான்? ஒரு துண்டு வயரின் இரண்டு நுனியிலும் பிளக் பூட்டுவான். ஒன்றை ஜெனரேட்டரில் குத்துவான், மற்றதைச் சுவரில் இருக்கிற சொக்கட்டில் குத்துவான். வீடு முழுக்க லைட் எரியும். மெயின் சுவிட்சை நிப்பாட்ட மறந்தால் வீட்டோடு நில்லாமல் கரண்ட் வெளியே போய் லைனிலும் ஏறும். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகப் பொடியன்மார் வாடகைக்கு இருக்கிற வீடுகளிலும் இதைக் கண்டிருக்கிறேன், கோயில் வாசலிலும் கண்டிருக்கிறேன். இந்த மூளைசாலித்தனத்துக்குப் படிப்பும் தடையில்லை, பக்தியும் தடையில்லை.

அன்று காலையிலேயே குணத்திடம் போனேன். காற்றுக்கு வேப்பங் கொப்பு முறிந்து விழுந்து ஒழுங்கை லைன் நடுவில் அறுந்திருந்தது. அறுந்த இடத்துக்கு அப்பால் வாவிப் பக்கமாக இருந்தது குணத்தின் வளவு மட்டும்தான்.

"குணம், கம்பத்தில ஆள் ஏறப்போகுது. வேல முடியுமட்டும் மிஷின் போடாத."

"ஓம் அண்ணன், போடமாட்டன்," என்றான்.

அவன் தலைக்குப் பின்னால் ஆணியில் இரண்டு தலை வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்குள் நின்ற பொறுப்பாளர்

டிரான்ஸ்போமர் பியூஸ்கள் என் களிசான் பையில் இருந்தன. அந்தப் பக்கம் நிச்சயம். கையில் இருந்த ஒரேயொரு எர்த் வயரைக் குணத்தின் பக்கமாகக் கட்டச் சொன்னேன். வாவிக்கரை ஈரமண்ணில் கூர் சுகமாக இறங்கியது. நாலு கம்பியையும் சேர்த்துக் கிளாம்பை நானே தடியால் மாட்டினேன். எல்லோரும் வடிவாக நின்றார்கள். படம் எடுத்தேன், அனுப்பினேன். ஜெயசீலன் கம்பத்தில் ஏறினான்.

ரஞ்சன் உரப்பையின் வாயை விரித்துப் பிடித்தான்.

"கழட்டுங்க அண்ணன். அங்கால ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க."

"இண்டைக்குக் கழட்டல்ல," என்றேன்.

"விளையாடாதீங்க அண்ணன். பொஸ் என்னத்தான் ஏசுவார்."

"ஏசட்டும். ஆள் இறங்கினாப் பிறகுதான் வயர் இறங்கும்."

ஆணியில் தொங்கிய அந்த வயர் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. குணத்தின் "ஓம் அண்ணன்" எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

ரஞ்சன் தடியை எட்டிப் பிடிக்க வந்தான். தடி இல்லாமல் கீழேயிருந்து கிளாம்பைக் கழற்ற முடியாது. நான் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக வாவிக்குள் இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் போய் நின்றேன். ரஞ்சன் அந்தக் கிழமைதான் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தான், கரையோடு நின்றுவிட்டான்.

பச்சை மேலங்கி, மஞ்சள் தடி, முழங்கால் தண்ணீர். தூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பையில் போன் அலறியது. கொந்தராத்துக்காரப் பொஸ்தான். நான் எடுக்கவில்லை.

"மச்சானுக்குச் சூடு ஏறிட்டுது போல," என்று மேலேயிருந்து ஜெயசீலன் சிரித்தான். "நீங்க அங்கயே நில்லுங்க மச்சான். நான் கையால கழட்டிப் போடுறன்."

அவனுக்கு எட்டும் தூரத்தில்தான் கிளாம்பு இருந்தது. கையை நீட்டியும் விட்டான்.

"அதில கை வச்சியெண்டா சாந்திக்கு நீயே பதில் சொல்லு!" என்று கத்தினேன். "உன்ன ஏத்தினவன் நான். அவள் முகத்த என்னால பாக்க ஏலா!"

நான் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. கை நின்றது. "சரி சரி, கத்தாதீங்க, மீனெல்லாம் ஓடிடும்," என்றான். அறுந்த கம்பியைத் தோளுக்கு இழுத்து முறுக்கத் தொடங்கினான். ஏதோ பாட்டையும் சீழ்க்கையடிக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் குணத்தின் கொட்டிலில் மிஷின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

முதலில் ஒரு செருமல். பிறகு ஒரே சீராக ஓடியது. அந்தச் சத்தம் திடீரென்று முனகலாக மாறி, இழுத்து, நின்றுபோனது.

குணம் பிளக்கைச் சுவரில் குத்தியிருக்கிறான். கரண்ட் லைனில் ஏறி, நேரே எங்கள் கிளாம்பில் வந்து முட்டியிருக்கிறது.

"இறங்கு! இறங்கு!" என்று கத்திக்கொண்டு நான் கரையை நோக்கி இழுபட்டேன். பழுதான முழங்காலோடு சேற்றுக்குள் ஓடுவது எப்படி என்று கேட்காதீர்கள். நான் கரை சேர முதல் மிஷின் மறுபடியும் ஸ்டார்ட் ஆனது. மறுபடியும் முனகிச் செத்தது. ஜெயசீலன் காதில் இதொன்றும் விழவில்லை. இரண்டு கையாலும் வெறுங் கம்பியைப் பிடித்தபடி சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தான்.

"லோட் எடுக்குதில்ல"

கொட்டிலுக்குள் நான் போய் விழுந்தபோது குணம் மூன்றாம் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது!

"நல்ல நேரம் வந்தீங்க அண்ணன். மிஷினுக்கு என்னமோ வந்திட்டுது. சும்மா ஓடுது, பிளக்கக் குத்தினா நிண்டுருது. லோட் எடுக்குதில்ல. ஒள்ளுப்பம் பாருங்க."

நான் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். "மெயின நிப்பாட்டினியா?"

"லைன்லதான் கரண்ட் இல்லயே அண்ணன். மறுகா ஏன் மெயின நிப்பாட்டுற?"

அவன் சட்டையைப் பிடித்து ஒழுங்கைக்கு இழுத்துக்கொண்டு வந்து கம்பத்தைக் காட்டினேன். அவன் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தான்.

"ஆரு அது... ஜெயசீலனா?"

"ஓம்."

குணத்துக்குப் புரிய ஒரு நிமிடம் எடுத்தது. புரிந்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அவருக்குச் சொல்லிப்போடாதீங்க அண்ணன்." அவனும் ஜெயசீலனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பயம் இருந்தது, வெட்கமும் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக அவன் கேட்டது, "இறாலுக்கு இனி என்ன செய்யிற?" என்பதுதான்.

நான் ஜெயசீலனை இறக்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கொட்டில் வாசலில் கிடந்த இரண்டு தலை வயரைப் பார்த்தான்.

"மிஷின் ஸ்டார்ட் ஆகக்குள்ள என்ட கை எங்க இரிந்திச்சி மச்சான்?"

"கம்பியில. ரெண்டு கையும்."

அவன் வாவியில் இறங்கி முகத்தைக் கழுவினான். கழுவிக்கொண்டே நின்றான்.

போன் திரும்பவும் அடித்தது. இந்த முறை எடுத்தேன். பொஸ்ஸுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் "ஐயோ" என்றார். மனிதன் கலங்கிவிட்டார் போலும் என்று நானும் நினைத்துவிட்டேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லதானே?"

"இல்ல."

"அப்ப ஒண்டு செய்யுங்க. அந்தப் படத்த மத்த ரெண்டு இடத்துக்கும் அனுப்பிவிடுங்க. இனிப் பையத் தூக்கித் திரியத் தேவல்ல. படம் காணும்."

நான் படத்தைப் போனிலிருந்து அழித்தேன். மற்ற இரண்டு கூட்டத்துக்கும் போன் எடுத்து, வாவிக்கரையில் நடந்ததைச் சொல்லி, வயர் வரும்வரை ஒருவனும் கம்பத்தைத் தொடக்கூடாது என்றேன். ஏறியிருந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் இறங்கினார்கள், ஆனால் இறங்கினார்கள். அடுத்த மாதம் என் பச்சை மேலங்கி வேறொருவருக்குப் போனது. அவர் நன்றாகப் படம் எடுப்பார் என்று கேள்வி.

சாந்தி வீட்டில்

மறுபடியும் வயரைச் சோதித்துக் கட்டி, குணத்தின் மிஷினுக்குப் பக்கத்தில் ரஞ்சனைக் காவலுக்கு நிற்கவைத்து, மிச்ச வேலையை ஜெயசீலனே ஏறி முடித்தான். வேறு ஆளை ஏற்றுவோம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நாங்கள் சாந்தி வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது வெயில் நன்றாகச் சரிந்துவிட்டது.

"ஏன் இவ்வளவு சுணக்கம்?" என்று சாந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

ஜெயசீலன், "உன்ட அண்ணன்தான். வயரக் கழட்ட விடல்ல," என்று மட்டும் சொன்னான்.

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வேற வேல இல்லயா அண்ணன்? போற இடத்தில ஒருத்தரையும் வேல செய்ய விடமாட்டீங்க. காலையிலயும் ஒண்டும் தின்னாமப் போன மனிசன் இவர். சோறும் ஆணமும் ஆறிப்போச்சி."

யாரும் எனக்கு ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்வேன். அது ஊருக்கே தெரியும். அன்றைக்கும் நாக்கு நுனிவரை வந்தது. எதிரே இருந்த ஜெயசீலன் தலையை நிமிர்த்தாமல், சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் கண்ணால் கெஞ்சினான். நான் கோப்பையை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன்.

அவன் சோற்றைப் பிசைந்து ஒரு பிடி எடுத்தான். வாய்க்குக் கொண்டுபோக முதல் அது விரல்களுக்கு இடையால் கோப்பைக்குள்ளேயே விழுந்தது. திரும்பவும் எடுத்தான். திரும்பவும் விழுந்தது.

"இஞ்ச பாருங்க அண்ணன், பசியில இவர்ட கை படுற பாட்ட," என்று சாந்தி என்னைக் குற்றம் சொல்லிக்கொண்டே அவன் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள்.